எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தத்தில் பங்கசு: மல்லாவியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கம் இது: அவருடைய அண்ணா வளைகுடா நாடொன்றில் சாரதியாக இருந்து திரும்பியவர். சில மாதமாக உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. பிறகு விடாத தலையிடி. ஒரு இடத்தில் பீனிசம் என்று மருந்து கொடுத்தார்கள், இன்னொரு இடத்தில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். மிச்ச நாளெல்லாம் பனடோலில் ஓடியது. ஒருநாள் சத்தி எடுத்து, பேச்சும் தடுமாறத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கேதான் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. நோயை எதிர்க்க உதவும் வெண்கலமான சி.டி.4 இன் எண்ணிக்கை 38. இரத்தத்தில் பங்கசு (பூஞ்சணம்) வளர்ந்திருக்கிறது, மூளைக்கும் போயிருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி கேட்பவை: இரத்தத்துக்குள் பங்கசு எப்படிப் போகும்? வீட்டுப் புறாக்களால் வந்ததா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா? எச்.ஐ.வி. குளிசையை ஏன் இன்னும் தொடங்கவில்லை, ஆளைக் கைவிட்டுவிட்டார்களா? அண்ணா தப்புவாரா?

நான் டொக்டர் இல்லை. வடக்கில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வார்ட்டில் ஆளைக் கண்ணால் பார்க்கும் டொக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். அவர்கள் செய்வது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக நான் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கும். தப்பலாம். மருந்து இல்லாமல் விட்டால் இந்த நோயில் அநேகமாக எவரும் மிஞ்சுவதில்லை. சரியான மருந்து கிடைத்தால் நாலு பேரில் மூன்று பேர் முதல் பத்து வாரத்தைத் தாண்டுகிறார்கள். ஆபிரிக்காவில் ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கு மேற்பட்ட நோயாளரை வைத்துச் செய்து 2022 இல் வெளியான பெரிய ஆய்வில் கண்ட விகிதம் அதுதான். பத்து வாரத்தைத் தாண்டி, எச்.ஐ.வி. மருந்தையும் ஒழுங்காக எடுப்பவர் திரும்பவும் வாகனம் ஓட்டலாம், வயல் செய்யலாம், பிள்ளைகளின் கலியாணம் பார்க்கலாம். ஆனால் முதல் இரண்டு வாரம் கடினமான வாரம். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சரி, பங்கசு எப்படி இரத்தத்துக்குப் போகிறது?

பாண் துண்டை மழைக்காலத்தில் மேசையில் விட்டால் பச்சை பூக்கிறதல்லவா, அந்தச் சாதியைச் சேர்ந்தவைதான். அவற்றின் வித்திகளையும் நுண்ணிய கலங்களையும் நாங்கள் ஒவ்வொருவரும் நாளாந்தம் மூச்சோடு உள்ளே இழுக்கிறோம். பெரும்பாலான பங்கசுக்களுக்கு எங்கள் உடம்புச் சூடே ஆகாது, 37 பாகையில் வளர மாட்டாது. வளரக்கூடிய சிலதை நுரையீரலில் இருக்கும் காவற்கலங்கள் விழுங்கி அடக்கிவிடும். ஆனால் அந்தக் காவற்கலம் விழுங்கியதைக் கொல்ல வேண்டுமென்றால், அதற்கு உத்தரவு கொடுக்க இன்னொரு வெண்கலம் வேண்டும். அந்த உத்தரவு கொடுப்பதுதான் சி.டி.4 கலம். எச்.ஐ.வி. தேடித் தேடி அழிப்பதும் அதைத்தான்.

சுகதேகிக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் சி.டி.4 கலங்கள் 500 க்கு மேல் இருக்கும். 200 க்குக் கீழே போனால் அதை எயிட்ஸ் நிலை என்கிறோம். 100 க்குக் கீழே போனால் பங்கசுக்குக் கதவு திறந்த மாதிரி. அப்போது விழுங்கிய கலத்துக்கு உள்ளேயே பங்கசு உயிரோடு இருந்து பெருகும். அந்தக் கலத்தோடேயே இரத்தத்தில் பயணம் செய்து, ஈரல், மண்ணீரல், என்புமச்சை, தோல், மூளையுறை என்று எங்கும் இறங்கும். உங்கள் அண்ணாவின் 38 என்ற எண்ணிக்கையில் நடந்தது இதுதான். அது நேற்றோ போன மாதமோ தொடங்கிய கதை இல்லை. எச்.ஐ.வி. தொற்றி, சி.டி.4 இந்த அளவுக்கு இறங்க வழக்கமாகப் பல ஆண்டுகள் எடுக்கும். அவ்வளவு காலமும் ஆள் வெளித்தோற்றத்துக்கு நன்றாகத்தான் இருந்திருப்பார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அண்ணாவுக்கு வந்திருப்பது கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசு என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் தலையிடி, இரத்தத்திலும் மூளையுறையிலும் பங்கசு, இவ்வளவு குறைந்த சி.டி.4 என்றால் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். வார்ட்டில் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் பெயர் தேவைப்படும். உலகில் எயிட்ஸால் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை இந்த ஒரு பங்கசு கொண்டுபோகிறது. 2020 ஆம் ஆண்டுக்குக் கணித்த தொகை 1,12,000 மரணங்கள்.

ஆய்வுகூடத்தில் இதைக் காண்பது எப்படியென்று சொல்கிறேன். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அதோடு கறுப்பு மை ஒரு துளி கலந்து, மெல்லிய மூடி போட்டு நுணுக்குக்காட்டியில் வைப்போம். பார்க்கும் இடமெல்லாம் கருமையாக இருக்கும். அதற்குள் ஆங்காங்கே தெளிந்த வெளிச்ச வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் உருண்டையாக ஒரு கலம், சிலதின் பக்கத்தில் சின்ன மொட்டு. மொட்டு விட்டுத்தான் அது பெருகும். அந்த வெளிச்ச வட்டம், மை உள்ளே புக முடியாத தடித்த சளிப் போர்வை. அந்தப் போர்வைதான் இந்தப் பங்கசின் பலம். உடம்பின் காவற்கலங்கள் அதைப் பிடிக்க முடியாமல் வழுக்கும்.

அந்தப் போர்வையே அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. போர்வையின் துணுக்குகள் உதிர்ந்து இரத்தத்தில் மிதக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு சிறு பட்டிச் சோதனை இருக்கிறது, கர்ப்பம் பார்க்கும் பட்டி மாதிரியே கோடு காட்டும். பத்து நிமிட வேலை. தலையிடி தொடங்குவதற்குச் சுமார் மூன்று வாரம் முந்தியே இரத்தத்தில் இது தெரிந்துவிடும். எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் சி.டி.4 100 க்குக் கீழே இருந்தால், எந்த நோய்க்குறியும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 200 க்குக் கீழே இருப்பவர்களுக்கும் செய்யலாம் என்கிறார்கள். அந்த நேரத்தில் பிடித்து, முதுகுநீரும் சுத்தமென்று உறுதிப்படுத்திவிட்டால், பங்கசுக்கு எதிரான புளுகொனசோல் குளிசையோடேயே மூளைக்குப் போகாமல் தடுக்கலாம். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் மதித்த சோதனைகளில் இது ஒன்று.

பங்கசு எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரர் ஒன்று சொல்வார், பார்மசியில் இன்னொன்று சொல்வார்கள்.

வாயில் வெள்ளையாகப் படிவது கன்டிடா. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும். உணவுக்குழாய் வரை இறங்கினால் சோறு விழுங்கவே நெஞ்சு நோகும். ஆனால் வாயில் இருக்கும் கன்டிடா தானாக இரத்தத்துக்குப் போவது எயிட்ஸ் நோயாளரில்கூட அவ்வளவு நடப்பதில்லை. வாய்த் தோலைக் காப்பது சி.டி.4 கலம். இரத்தத்தில் கன்டிடாவைத் தடுப்பது பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வேறொரு வெண்கலம், எச்.ஐ.வி. அதை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. கன்டிடா இரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான்: கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய நாளத்தில் போட்ட குழாய் வழியாக, நீண்டநாள் கொடுத்த பலத்த அன்டிபயோட்டிக்கிற்குப் பிறகு, அல்லது வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு. ஆகவே அண்ணாவின் கையில் கனுலா போட்ட இடம் சிவந்தால், வீங்கினால், நொந்தால் உடனே மிஸியிடம் சொல்லுங்கள். அவரைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள்.

மூன்றாவது ஹிஸ்டோபிளாஸ்மா. வௌவால் எச்சமும் பறவை எச்சமும் கலந்த மண்ணில் வாழ்வது. காய்ச்சல், மெலிவு, இருமல், ஈரலும் மண்ணீரலும் வீங்குதல் என்று அச்சொட்டாகக் காசநோய் மாதிரி வரும். காசநோய் மருந்து மாதக்கணக்கில் எடுத்தும் தேறாத எச்.ஐ.வி. நோயாளரில் இதை நினைக்க வேண்டும். வன்னியில் யுத்தத்தில் கூரை போய், ஆட்கள் திரும்பி வராமல் கிடக்கும் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. பல வௌவாலின் வீடாகிவிட்டன. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் அப்படி ஒன்றைத் துப்புரவாக்கப் போகவே கூடாது. ஆய்வுகூடத்தில் இந்தப் பங்கசு வளர வாரக்கணக்கில் எடுக்கும். சாதாரண இரத்த வளர்ப்புப் போத்தலை ஐந்து நாளில் முடித்து வீசிவிடுவது வழக்கம். பங்கசு சந்தேகம் என்று விண்ணப்பத்தில் டொக்டர் எழுதினால்தான் ஆய்வுகூடம் போத்தலைப் பத்திரமாக வைத்திருக்கும். பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பங்கசுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நாலாவது, தாய்லாந்து, வியட்நாம், தென்சீனம், இந்தியாவின் மணிப்பூர்ப் பக்கம் காணப்படும் தலரோமைசஸ். 1956 இல் வியட்நாமில் ஒரு மூங்கில் எலியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. முகத்திலும் கையிலும் நடுவில் குழி விழுந்த சின்னக் கொப்புளங்கள் வரும், இரத்தத்திலும் நன்றாக வளரும். எங்கள் மண்ணின் நோய் இல்லாததை ஏன் சொல்கிறேன்? யுத்தம் முடிந்த காலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் தாய்லாந்திலும் மலேசியாவிலும் காத்திருந்து திரும்பினார்கள் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பங்கசு உடம்பில் பல ஆண்டு ஒளிந்திருந்து, சி.டி.4 இறங்கும்போது வெளிவரும். எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று டொக்டர் கேட்டால் விசா இருந்ததா இல்லையா என்று யோசித்து மறைக்க வேண்டாம். அவர் கேட்பது நோயைக் கண்டுபிடிக்க.

நிமோசிஸ்டிஸ் என்றும் ஒன்று இருக்கிறது. அது நுரையீரலோடு நிற்கும் பங்கசு, இரத்தத்தில் வளர்ப்பதில்லை. அண்ணாவுக்குக் கோட்ரைமொக்சசோல் குளிசை தினமும் கொடுப்பது பெரும்பாலும் அதைத் தடுக்கத்தான்.

இனிப் புறாக் கதைக்கு வருவோம். கிரிப்டோகொக்கஸ் புறா எச்சத்தில் நன்றாக வளர்கிறது என்பது உண்மை, 1955 இலேயே கண்டுபிடித்தது. ஆனால் அது மண்ணிலும் மரப்பொந்திலும்கூட இருக்கிறது. புறாவே வைத்திராத வீடுகளில் இருப்பவர்களுக்கும் வருகிறது. சின்ன வயதிலேயே பெரும்பாலானவர்கள் இதை மூச்சோடு இழுத்திருப்பார்கள். உடம்பு அதை அடக்கி வைத்திருக்கும். உங்கள் அண்ணாவுக்கு அது எந்த ஊரில், எந்த வயதில் போனது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே புறாக்களைப் பிடித்துக் கொல்லவோ, அவற்றை வளர்த்த பிள்ளையை ஏசவோ வேண்டாம். கூட்டைத் துப்புரவாக்கும்போது முதலில் தண்ணீர் தெளித்துத் தூசி எழும்பாமல் நனைத்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு வேறு ஒருவர் செய்யட்டும். அண்ணா வீட்டுக்கு வந்த பிறகு புறாக்கூட்டையும் கோழிக்கூட்டையும் அவர் கூட்டவே கூடாது. அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குத் தொற்றுமா? இந்தப் பங்கசு ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. இருமினாலும் தொற்றாது, ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. எச்.ஐ.வி. யும் தட்டால், கோப்பையால், துவாயால், நுளம்பால், கட்டிப்பிடிப்பதால் தொற்றாது. தட்டைப் பிரித்து வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்காதீர்கள். நோயாளி முதலில் கவனிப்பது தட்டைத்தான். தட்டுப் பிரிந்த வீட்டில் ஆட்கள் மருந்தை விட்டதை நான் அறிவேன்.

வார்ட்டில் என்ன நடக்கிறது என்று இப்போது சொல்கிறேன். நீங்கள் பயந்து எழுதிய விஷயம் ஒன்று, அண்ணாவின் முதுகில் திரும்பத் திரும்ப ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள் என்பது. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். சில குடும்பங்கள் கையெழுத்துப் போட மறுத்து ஆளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. தங்கச்சி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊசி போகும் இடத்தில் முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) இல்லை, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. இந்த நோயில் பங்கசும் அதன் சளிப் போர்வைத் துணுக்குகளும் மூளைநீர் வடிகிற வழியை அடைத்துவிடும். நீர் வடியாமல் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். தலையிடி, சத்தி, ஒன்று இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல், காது அடைத்தல், தடுமாற்றம் எல்லாம் அந்த அழுத்தத்தால் வருபவை. முதல் நாட்களில் ஆளைக் கொல்வதும் பார்வையைப் பறிப்பதும் பெரும்பாலும் அதுதான். நீர் ஏறும் உயரத்தில் அளந்தால் சாதாரணமாக 20 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் இவர்களுக்கு இரட்டிப்பாகக்கூட இருக்கும். நீரை எடுத்ததும் பலருக்குத் தலையிடி அந்த இடத்திலேயே குறையும். தேவைப்பட்டால் தினமும் எடுப்பார்கள். அதற்குச் சமமான குளிசை கிடையாது. ஸ்டீரொயிட் கொடுத்தால் அழுத்தம் குறையுமா என்று பார்த்தார்கள். 2016 இல் வெளியான ஆய்வில் கெடுதிதான் கூடியது, ஆய்வையே இடைநடுவில் நிறுத்த வேண்டி வந்தது.

பங்கசைக் கொல்லும் பிரதான மருந்து அம்போடெரிசின். தென்னமெரிக்காவில் ஒரினோக்கோ ஆற்றுப் பக்கத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950களில் எடுத்தது. மண்ணில் இருக்கும் பங்கசுக்கு மருந்தும் மண்ணிலிருந்தே வந்தது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு வரும். இது சேலைனோடு நாளத்தில் மெதுவாக ஏற்றும் மருந்து. பழைய வகையில் ஏற்றும்போது குளிர்நடுக்கம், காய்ச்சல் வரும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், பொட்டாசியத்தை இறக்கும், நாளமும் நோகும். ஆகவேதான் தினமும் இரத்தம் எடுப்பதும் பக்கத்தில் இன்னொரு சேலைன் ஏறுவதும். கொழுப்புத் துளிகளில் அடைத்த புதிய வகை சிறுநீரகத்துக்கு நல்லது, ஆனால் விலை கூட. நான் மேலே சொன்ன 2022 ஆய்வு இந்தப் புதிய வகையை ஒரே தடவை பெரிய அளவில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் கொடுத்து, கூடவே புளூசைட்டோசின், புளுகொனசோல் குளிசைகளை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தது. பழைய முறையில் ஒரு வாரம் தினமும் ஏற்றியதற்கு அது எந்த விதத்திலும் குறைவில்லை, பக்கவிளைவும் குறைவு. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதையே முதல் தெரிவாக அறிவித்தது. புளூசைட்டோசின் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் கிடைக்கிற மருந்தல்ல. கிடைக்காத இடத்தில் அம்போடெரிசினோடு கூடிய அளவு புளுகொனசோலைச் சேர்த்து இரண்டு வாரம் கொடுப்பார்கள். உங்கள் அண்ணாவுக்கு எது ஏறுகிறது என்று டொக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

எச்.ஐ.வி. குளிசை விஷயம்தான் குடும்பங்களைக் கூடுதலாகக் குழப்புவது. மூல நோய் எச்.ஐ.வி., அதற்கு இலங்கையில் இலவச மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரியிலேயே ஆள் படுத்திருக்கிறார், பிறகு ஏன் கொடுக்கவில்லை என்று எவருக்கும் தோன்றும். காரணம் இது. எச்.ஐ.வி. மருந்து தொடங்கியதும் உடம்பின் நோய் எதிர்ப்புப் படை திடீரென்று எழும்பும். மூளையுறை முழுக்கப் பங்கசு இருக்கும்போது படை எழும்பினால், சண்டை நடக்கிற இடம் மூளை. வீக்கமும் அழுத்தமும் கூடி ஆள் இறக்கலாம். உகண்டாவிலும் தென்னாபிரிக்காவிலும் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், ஓரிரு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்களில் 45 வீதமானோர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். ஐந்து வாரமளவில் தொடங்கியவர்களில் 30 வீதம். ஆகவே இந்த நோயில் 4 முதல் 6 வாரம் பொறுத்துத்தான் தொடங்குவார்கள். உங்கள் அண்ணாவைக் கைவிடவில்லை. அவர்கள் தாமதிப்பதே அவரைக் காப்பாற்றத்தான். பக்கத்துக் கட்டிலில் எச்.ஐ.வி. உள்ள வேறொருவருக்கு முதல் கிழமையிலேயே தொடங்கியிருந்தால் அவருக்கு இந்தப் பங்கசு மூளையில் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குடும்பத்தின் வேலை தொடங்குகிறது. இரண்டு வாரச் சிகிச்சை முடிந்ததும் புளுகொனசோல் 800 மில்லிகிராம் அளவில் எட்டு வாரம். அதற்குப் பிறகு தினமும் 200 மில்லிகிராம், குறைந்தது ஒரு வருடமாவது. எச்.ஐ.வி. மருந்து வேலை செய்து, வைரசு அடங்கி, சி.டி.4 ஏறிய பிறகே டொக்டர் அதை நிறுத்துவார். ஆள் தேறி, முகத்தில் சதை பிடித்து, இனி எதற்கு இத்தனை குளிசை என்று தோன்றும் மாதம் ஒன்று வரும். அந்த மாதம்தான் ஆபத்தானது. அருவிவெட்டு நேரம், மெசின் வருகிற நாள், கிளினிக் நாளும் அன்றைக்கே என்று விட்டுவிடுவார்கள். நாளை மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லுங்கள், கூட நாளுக்குக் குளிசை தரக் கேளுங்கள். மல்லாவியிலிருந்து பஸ் எடுத்து வருகிற ஆளின் பாடு அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும்.

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிச் சில வாரத்தில் தலையிடி திரும்பி வரலாம். படை எழும்புவதன் விளைவாகவும் இருக்கலாம், பங்கசு திரும்பியதாகவும் இருக்கலாம். வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது. அன்றைக்கே வார்ட்டுக்குக் கொண்டுபோங்கள், எச்.ஐ.வி. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு எங்கே மருந்து எடுத்தாலும் எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் புளுகொனசோலையும் இறக்கும், எச்.ஐ.வி. மருந்துகள் சிலதையும் இறக்கும். இரண்டு நோயும் சேர்ந்து வருவது அருமையில்லை, அளவை மாற்ற வேண்டி வரும். புளுகொனசோலைப் பற்றி இன்னொன்று: கூடிய அளவில் அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. இது அண்ணாவுக்குப் பொருந்தாது, ஆனால் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

இனி, கொஞ்சம் மனம் விட்டுச் சொல்ல வேண்டியது. அண்ணா தலையிடியோடு எத்தனை வாசல் ஏறியிருக்கிறார் என்று பாருங்கள். ஓரிடத்திலும் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கப்படவில்லை. வன்னியில் காய்ச்சலும் தலையிடியும் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், காசநோய், வயல் மண்ணிலிருந்து வரும் மெலியோயிடோசிஸ் என்று நினைக்க எவ்வளவோ இருக்கின்றன. ஆள் மாறாட்டமாகப் பேசினால் பேய் என்று நூல் கட்டப் போவார்கள், அல்லது யுத்தத்தில் பட்டதெல்லாம் இப்போது வெளிவருகிறது என்று நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை, பட்டவர்கள்தானே. நூல் கட்ட வேண்டுமென்றால் கட்டுங்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் விடாத தலையிடி, காரணமில்லாத மெலிவு, வாயில் வெள்ளை, இவற்றில் இரண்டு சேர்ந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையை நீங்களே வாய் திறந்து கேளுங்கள். இலங்கையில் எச்.ஐ.வி. குறைவு என்பதே இங்கே எங்களுக்கு எதிராக நிற்கிறது. குறைவான நோயை ஒருவரும் நினைப்பதில்லை.

பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கர்ப்பிணித் தாய் கிளினிக்கில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், எவரும் அதற்கு வெட்கப்படுவதில்லை. அதனால்தான் 2019 இல் தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளிக்க முடிந்தது. ஆண்களுக்கு அப்படி ஒரு சாதாரண வாசல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர், லொறியில் நாள்கணக்கில் வெளியூர் ஓடுபவர், ஆஸ்பத்திரியில் விழும் வரை ஒருதரம்கூடப் பார்க்காமலே இருந்துவிடுகிறார். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போக எவருடைய துண்டும் தேவையில்லை, காசும் இல்லை, விபரம் வெளியே போகாது. கிளிநொச்சியில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று பயந்தால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகலாம்.

உங்கள் அண்ணியையும் சீக்கிரம் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணிக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளைப் பற்றிய பயம் அதோடு போய்விடும். அண்ணிக்கு இருந்தாலும், இப்போதே தெரிந்தால் 38 வரைக்கும் இறங்காமல் மருந்து தொடங்கலாம். அவருக்கு இந்தப் பங்கசு வரவே வராமல் தடுக்கலாம். பரிசோதனை ஒருதரம் இல்லையென்று வந்தாலும், கிளினிக்கில் சொல்லும் இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். அண்ணா ஒழுங்காக மருந்து எடுத்து வைரசு இரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உறவின் மூலம் அவரிடமிருந்து அண்ணிக்குத் தொற்றாது. அதுவரைக்கும் ஆணுறை.

என்ன வருத்தம் என்று அயலவர் கேட்கிறார்கள், என்ன சொல்ல என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். மூளைக்காய்ச்சல் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை. எச்.ஐ.வி. இருப்பதை யாருக்குச் சொல்வது என்பதை அண்ணா தெளிந்த பிறகு அவரே தீர்மானிக்கட்டும்.